முதல் திரையில் கேட்கப்படும் கேள்வி

(மல்லாங்கிணற்றில் நடந்த இளைஞர் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன முறை இங்கே வந்திருந்தபோது, கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி தயங்கித் தயங்கி வந்து கேட்டான். "அக்கா, புதுசா ஒரு ஃபேன்டசி கேம் வந்திருக்கு. டவுன்லோடாத்தான் வாங்கணும். வாங்கலாமா, காசு வீணா?" சாதி ஒழிப்புக் கூட்டத்தில் வந்து கேமைப் பற்றிக் கேட்கிறோமே என்ற கூச்சம் அவனுக்கு. கூச்சமே வேண்டாம். சினிமாவைப் பற்றி நாம் எத்தனை மேடைகளில் பேசியிருக்கிறோம்! ஒரு சினிமாவுக்குள் நம் பிள்ளைகள் இரண்டரை மணி நேரம் இருக்கிறார்கள். இந்த மாதிரி கேமுக்குள் நூறு மணி நேரம் இருக்கிறார்கள். அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

அந்தத் தம்பிக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று என் கதையிலிருந்து சொல்கிறேன்.

2023 ஆகஸ்ட் 3, வியாழக்கிழமை. பால்டர்ஸ் கேட் 3 என்ற கேம் வெளியானது. பெல்ஜியம் நாட்டின் கென்ட் நகரத்தில் இருக்கும் லாரியன் நிறுவனம் செய்தது. அந்த ஆண்டின் சிறந்த கேம் என்ற விருதையும் பிறகு வாங்கியது. நம் நாட்டில் விலை 2,999 ரூபாய். பயர் ஆபீஸில் சரம் பின்னுகிற என் அம்மாவுக்கு அது ஏறக்குறைய ஒரு வாரக் கூலி. நிலுவையில் கிடந்த ஆய்வு உதவித்தொகை அந்த மாதம்தான் வந்திருந்தது. அம்மாவிடம் சொல்லாமல் வாங்கிவிட்டேன்.

காசு கட்டிய பிறகுதான் அடுத்த பிரச்சினை. கணினியில் 150 ஜிபி இடம் வேண்டும் என்றது. என் போனில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. அதை வைத்து இறக்கினால் தீபாவளி தாண்டிவிடும். விருதுநகரில் என்னோடு படித்த தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் ஃபைபர் இணைப்பு. சனிக்கிழமை காலை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். ஹாலில் வைத்து டவுன்லோடு போட்டோம்.

தோழியின் அப்பத்தா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல மனுஷி. "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். "மல்லாங்கிணறு பக்கம் பாட்டி" என்றேன். "மல்லாங்கிணத்துல எந்தத் தெரு?" என்றார்.

இந்தக் கேள்விக்கு இங்கே நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நான் தெருவைச் சொன்னேன். "அப்படியா" என்று எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது. அவர்களுக்கு டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். அப்புறம் ரொம்பப் பிரியமாகச் சொன்னார்: "இங்க காத்தே வராதும்மா. வராந்தாவுல பிளக் பாயிண்ட் இருக்கு, அங்க வச்சுக்கோ." அப்போது திரையில் 41 சதவீதம் காட்டியது. மிச்சம் 59 சதவீதமும் வராந்தாவில்தான் இறங்கியது.

ராத்திரி வீட்டுக்கு வந்து கேமைத் திறந்தேன். கதை தொடங்குவதற்கு முன் ஒரு திரை வருகிறது: உன் பாத்திரத்தை உருவாக்கிக்கொள். அதில் தொடக்கத்திலேயே ஒரு கேள்வி, நீ எந்த இனத்தில் பிறந்தவள்? மனிதர், எல்ஃப், குள்ளர், பாதி ஆர்க், பிசாசு ரத்தம் கலந்த டீஃப்ளிங் என்று ஒரு பட்டியல். நான் சிரித்துவிட்டேன். காலையில் அப்பத்தா கேட்டதும் இதுதானே! ஒரே வித்தியாசம்: இங்கே பதிலை நான் தேர்ந்தெடுக்கலாம். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பிறக்கலாம்.

நான் டீஃப்ளிங்காகப் பிறந்தேன். தலையில் கொம்பு, பின்னால் வால். கதையின் தொடக்கத்திலேயே டீஃப்ளிங் அகதிகள் வருகிறார்கள். சொந்த நகரத்திலிருந்து துரத்தப்பட்டு ஒரு தோப்பில் ஒண்டியிருக்கிறார்கள். அந்தத் தோப்புக்காரர்கள் முள்ளால் வேலி எழுப்பி அவர்களை வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் நின்றேன். வால் முளைத்தவர்களுக்காக ராத்திரி இரண்டு மணி வரை சண்டை போட்டேன். காலையில் வராந்தாவில் ஒரு வார்த்தை பேசாதவள் நான்.

மறு வாரம் வியாழக்கிழமை காலை செய்தி வந்தது. நாங்குநேரி. பிளஸ் டூ படிக்கும் ஒரு பட்டியல் சாதி மாணவனை, அவன் பள்ளியில் படிக்கும் ஆதிக்கச் சாதி மாணவர்களே வீடு புகுந்து வெட்டியிருந்தார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளியில் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அதன் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது: கயிறை அவிழ்த்துவிடலாம், போனில் என்ன செய்வது? நம் பிள்ளைகள் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளில் குழுப் பெயராகச் சாதிப் பெயரைப் போட்டிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். மைக்கை ஆன் பண்ணியதும் "எந்த ஊரு, எந்த ஏரியா?" அங்கேயும் அதே முதல் திரை.

நான் ஆராய்ச்சி மாணவி. பிடித்ததை நோண்டிப் பார்க்கும் பழக்கம். அந்த முதல் திரை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். பால்டர்ஸ் கேட் 3, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டின் விதிகளின் மேல் கட்டப்பட்டது. அது 1974இல் அமெரிக்காவில் வந்த, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும் விளையாட்டு. உலகத்தில் இந்த வகைக் கேம்கள் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் பாட்டன்.

1978இல் வந்த அதன் விதிப்புத்தகத்தில் என்ன இருந்தது தெரியுமா? குள்ளராகப் பிறந்தவர் மந்திரக் கல்வி கற்க முடியாது. அனுமதியில்லை. மனிதராகப் பிறந்தவர் எவ்வளவு உயரத்துக்கும் வளரலாம். மற்ற இனத்தில் பிறந்தவர் எவ்வளவு உழைத்தாலும் பெரும்பாலான தொழில்களில் குறிப்பிட்ட படிக்கு மேல் ஏற முடியாது. பெண் பாத்திரத்தின் உடல் பலத்துக்குத் தனி உச்சவரம்பு. அந்த விளையாட்டில் ஆர்க் என்றால் பிறவியிலேயே தீயவன்.

பிறப்பால் தொழில், பிறப்பால் கல்வித் தடை, பிறப்பால் குணம், ஏணியில் ஒவ்வொருவருக்கும் ஒரு படி. இதை எழுதியவர்கள் மனுவைப் படித்து எழுதியிருக்க மாட்டார்கள். படிக்கத் தேவையும் இல்லை. பிறப்பையும் தகுதியையும் சேர்த்துக் கட்டினால் எந்த ஊரிலும் இதே கட்டடம்தான் எழும்பும். மந்திரம் கற்கக் கூடாத குள்ளரைப் படித்தபோது எனக்குச் சம்பூகன் நினைவுக்கு வந்தான்.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இனத்தை வைத்துத் தொழிலைத் தடுக்கும் விதியை எடுத்தார்கள். வெள்ளை நிறவெறிக்கு எதிரான போராட்டம் அமெரிக்கத் தெருக்களில் நடந்த 2020 ஜூனில், ஒரு இனத்தையே தீயதாகக் காட்டியது தவறு, அது நிஜ மனிதர்களை இழிவுபடுத்தியதுபோலவே இருக்கிறது என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. நான் வாங்கிய கேமில் பலம், அறிவு ஆகியவற்றுக்கான கூடுதல் புள்ளிகள் பிறப்போடு கட்டப்படவில்லை. டீஃப்ளிங்கும் எல்ஃபும் விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம். 2024இல் வந்த புதிய விதிப்புத்தகத்தில் 'இனம்' என்ற சொல்லையே எடுத்துவிட்டு 'உயிர்வகை' என்று போட்டார்கள்.

சொல்லை மாற்றினால் போதுமா? போதாது. நம் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் தெரு அதே இடத்தில்தான் இருக்கிறது. கேமிலும் காப்ளின் கூட்டத்தை வெட்டும்போது நமக்குக் கை நடுங்குவதில்லை. அவர்கள் பிறவி எதிரிகள், வெட்டினால் புள்ளி கிடைக்கும். யோசித்துப் பாருங்கள், நம் மாவட்டமே ஓர் அசுரன் செத்ததைக் கொண்டாட வெடி செய்து பிழைக்கிறது. அந்தக் கொண்டாட்டத்தைக் கேள்வி கேட்கச் சொன்னவர் பெரியார். ஹைதராபாத்தில் ஓக்ரே ஹெட் என்ற சிறிய நிறுவனம் 2017இல் 'அசுரா' என்றே ஒரு கேம் செய்தது. அதில் நாம் அசுரனாக இருந்து தேவர் கூட்டத்தோடு மோதுகிறோம். கதையைத் திருப்பிப் போடக் கேமிலும் இடம் இருக்கிறது.

சாதியையே நேரடியாகக் காட்டிய கேமும் உண்டு. கனடாவின் பயோவேர் நிறுவனம் 2009இல் செய்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ். அதில் பூமிக்கடியில் ஓர்சம்மார் என்று குள்ளர்களின் நகரம். முழுக்கச் சாதி அடுக்கு. எந்தச் சாதியிலும் சேராதவர்களுக்குப் பிறந்தவுடன் முகத்தில் பச்சை குத்திவிடுவார்கள். அவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில் புழுதி பிடித்த ஒரு சேரி. நீங்கள் அந்தச் சேரியில் பிறந்தவராகவே ஆடலாம். வீரப் போட்டியில் அவர்களுக்கு இடமில்லை. வேறொருவன் கவசத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு போய் ஜெயிக்கிறீர்கள். முகம் தெரிந்ததும் வெற்றி குற்றமாகிவிடுகிறது. சிறையில் போடுகிறார்கள்.

அந்தக் கேமில் பிறகு ஓர் இடம் வரும். அரசர் இறந்துவிட்டார், அடுத்த அரசர் யார் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் ஹாரோமாண்ட். பெரிய மனுஷர், கண்ணியமானவர், பேச்சு மாறாதவர். இன்னொருவன் பேலன். பதவிக்காகச் சொந்த அண்ணன் சாவுக்கே சூழ்ச்சி செய்தவன். நம் கை தானாக நல்லவர் பக்கம் போகும். கடைசியில் முடிவுரையில் தெரியும்: அந்த நல்லவர் ஆட்சியில் சாதிக் கட்டு இன்னும் இறுகுகிறது, உரிமை கேட்டு எழுந்த சேரி மக்கள் ஒடுக்கப்படுகிறார்கள். அந்தச் சூழ்ச்சிக்காரன் அவையைக் கலைத்துவிட்டுத் தனியாளாக ஆள்கிறான், ஆனால் சாதி இல்லாதவர்களுக்கு உரிமை கொடுக்கிறான்.

சர்வாதிகாரியை ஆதரிக்கச் சொல்லவில்லை. நமக்கு அதில் இருக்கும் பாடம் வேறு. சாதி கெட்டவர்களின் குணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது விதி. அந்த விதியை நல்லவர்களும் நடத்துவார்கள், பிரியமாக நடத்துவார்கள். விருதுநகர் அப்பத்தா வில்லி இல்லை. வராந்தாவில் காற்று வருமே என்றுதான் சொன்னார். சிரித்த முகத்தோடு சொன்னார்.

தமிழில் விதி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று தலைவிதி, மாற்ற முடியாதது. இன்னொன்று சட்டவிதி, யாரோ உட்கார்ந்து எழுதியது. இரண்டாவதை முதலாவதாக நம்ப வைத்ததுதான் சாதியின் சாமர்த்தியம். பழைய விதிப்புத்தகத்தை 1927 டிசம்பர் 25 அன்று மகத்தில் அம்பேத்கர் எரித்தார். அடுத்து ஒரு புதிய விதிப்புத்தகத்தை எழுதுவதில் முன்னே நின்றார். விளையாட்டுக்காக எழுதிய விதியையே ஆடியவர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு மாற்ற வைத்திருக்கிறார்கள் என்றால், நம் ஊர் விதி மட்டும் எப்படி மாறாமல் போகும்?

இப்போது தம்பிக்குப் பதில்.

வாங்கு. ஆனால் தெரிந்து வாங்கு. டவுன்லோடு கேமில் நீ வாங்குவது கேமை இல்லை, ஆடுவதற்கான உரிமத்தை. நம் மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், அனுபவிக்கலாம், பட்டா இல்லை. யுபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கேமின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்தவர்களாலும் அதன் பிறகு அதை ஆட முடியாமல் போனது. இதை மறைக்காமல் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் வந்திருக்கிறது. ஸ்டீம் கடையில் காசு கட்டும் பக்கத்தில் இப்போது அந்த அறிவிப்பு இருக்கிறது, படித்துப் பார். ஜி.ஓ.ஜி. என்ற கடையில் கிடைத்தால் அங்கே வாங்கு. கேமை நிறுவும் கோப்பையே எடுத்து வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாமலும் ஆடலாம். வெளியான அன்றே வாங்க அவசரப்படாதே. சில மாதம் பொறுத்தால் விலை குறையும். அம்மாவின் கூலியைக் கணக்குப் போட்டுப் பார்.

வாங்கியதும் முதல் திரையில் கொஞ்ச நேரம் நில். இந்த உலகத்தில் பிறப்புக்கு என்ன விலை, யார் பிறவி எதிரி, யார் தெரு எங்கே இருக்கிறது, அந்த விதியை எழுதியது யார் என்று கேள். பிறகு சந்தோஷமாக ஆடு. நூறு மணி நேரம் ஆடு, தப்பில்லை. நமக்கும் விளையாட உரிமை உண்டு.

இன்னொன்று. 2023 ஜூலை 31 அன்று, நான் வாங்கிய கேமுக்கு மூன்று நாள் முன்னால், 'வெண்பா' என்று ஒரு சின்ன கேம் வந்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி அவிப்பதையெல்லாம் விளையாட்டாக்கி, பிரிட்டனின் பாப்டா விருது வரை போனது. இட்லி கேம் ஆகும் என்றால் நம் கதை ஆகாதா? கோடோ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, கேம் செய்ய. முழுக்க இலவசம். சாதாரண கணினியிலும் ஓடும். இங்கே இருக்கும் பிள்ளைகளில் நாலு பேர் சேர்ந்தால் விடுமுறையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். நானும் உங்களோடு உட்கார்ந்து கற்றுக்கொள்கிறேன்.

அந்த கேமில் முதல் திரை எப்படி இருக்க வேண்டும் என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். எந்தத் தெரு என்று அது கேட்காது. உன் பெயர் என்ன, உனக்கு என்ன ஆசை என்று மட்டும் கேட்கும்.