குண்டு பூட்டிய கைகள்



இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானம் என்றதும் நமக்கு லண்டனும் பெர்லினும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்திய விமானப்படையின் 8-வது படையணி பிறந்தது நமக்குப் பக்கத்தில், திருச்சியில். நாள், 1942 டிசம்பர் 1. முதல் தலைவர் ஸ்குவாட்ரன் லீடர் நிரஞ்சன் பிரசாத். புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னரின் தனி சமஸ்தானம். அங்கேயுள்ள கீரனூரிலிருந்து போய் அந்தப் படையணியில் வேலை பார்த்தவர் என் சின்னத் தாத்தா.

படையணிக்குக் கிடைத்தது அமெரிக்காவில் செய்த 'வெஞ்சென்ஸ்' விமானம். உள்ளே இரண்டே பேர். முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கி வீரர். உயரத்திலிருந்து ஏறக்குறைய செங்குத்தாகப் பாய்ந்து குண்டைப் போட்டுவிட்டு மேலே எழும்ப வேண்டும். எஞ்சின் கோளாறு ஓயாத விமானம் அது. 1943 டிசம்பரில் படையணி சிட்டகாங் பக்கம் போய், பர்மாவின் அரக்கான் போர்முனையில் ஜப்பானியர் மீது குண்டு வீசியது.

சின்னத் தாத்தா பறந்தவர் அல்லர். குண்டு பூட்டும் பணியாளர். தள்ளுவண்டியில் வரும் குண்டை விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றி, கொக்கியில் மாட்டி, பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார். விமானம் திரும்பி வந்ததும் முதலில் ஓடி, குண்டு ஏதாவது விழாமல் தொங்குகிறதா என்று குனிந்து பார்ப்பதும் அவர்தான். "நான் அசந்தா ரெண்டு உசுரு போயிரும் அப்பு" என்பார். அதற்கு மேல் போரைப் பற்றிப் பேசமாட்டார்.

அந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். 1941 டிசம்பர் 23 அன்று பர்மாவின் ரங்கூனில் ஜப்பானியர் குண்டு வீசியபோது அங்கே பிழைக்கப் போயிருந்த தமிழர்கள் ஏராளம். தப்பியவர்களில் பலர் காடும் மலையும் நடந்தே ஊர் திரும்பினார்கள். குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் வாயால் கேட்டுவிட்டுத்தான் இவர் குண்டு பூட்டப் போனார். தான் பூட்டியதும் யார் தலையிலோ விழும் என்று தெரிந்தே அந்த வேலையைப் பிழையில்லாமல் செய்தார். வீரம் என்பதோடு இந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் அவரை நாம் நினைக்க வேண்டும்.

1944-இல் படையணி ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு மாறியது. விமானிகளின் பெயர்கள் வரலாற்றில் ஏறின. தரையில் நின்றவர்களின் பெயர்கள் அவரவர் வீட்டு டிரங்குப் பெட்டியோடு தங்கிவிட்டன.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பழைய பணிப்புத்தகமோ பதக்கமோ சீருடைப் படமோ இருக்கலாம். எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படையணி எண், பணி, ஆண்டு, போன ஊர் இவற்றைப் படத்தின் பின்னால் எழுதி வையுங்கள். விவரம் தெரிந்த பெரியவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள்.