இரண்டு மணி நேரம் ஒரு விரல்



வரவும் செலவும் ஒட்டாத இந்த ஃபிலிம் சொசைட்டியை விடாப்பிடியாக நடத்திவரும் நண்பர்கள் படத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்தார்கள். நான் ஒரு விரலைப் பற்றிப் பேசப் போகிறேன். அந்த விரல் மட்டும் இல்லையென்றால், இன்றைக்கு நாம் பார்க்கப்போகிற படம் இந்த நீளத்தில் நமக்குக் கிடைத்திருக்காது.

1927 ஜனவரி 10. பெர்லின் நகரம். ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ முதல் காட்சி. இரண்டரை மணி நேரப் படம். மேலே வானளாவும் மாளிகைகளில் சீமான்கள், பூமிக்கடியில் இயந்திரத்தோடு இயந்திரமாகத் தொழிலாளிகள். உஃபா கம்பெனி பணத்தைத் தண்ணீராக இறைத்தது. படம் ஓடவில்லை. ஓடாத படத்துக்கு நம்மூரில் என்ன செய்வார்கள்? இரண்டாம் நாளே கத்திரியை எடுப்பார்கள். அங்கேயும் அதேதான்! அமெரிக்காவில் வெளியிட்டவர்கள் அவர்கள் பங்குக்கு வெட்டினார்கள், ஜெர்மனியிலும் சில மாதத்தில் சுருக்கினார்கள். கிட்டத்தட்ட கால் பங்கு போயிற்று. வெட்டியதை எடுத்து வைக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் வெட்டு விழுவதற்கு முன்பே அர்ஜென்டினா விநியோகஸ்தர் ஒருவர் முழுப் பிரின்டை வாங்கித் தன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். அது அங்கே ஒரு விமர்சகரின் சேகரிப்பில் சேர்ந்தது. புவெனஸ் ஐரஸில் ‘நூக்லியோ’ என்று ஒரு சினி கிளப், நம்முடையதைப் போல. அதை நடத்தியவர் சல்வதோர் சம்மாரித்தானோ. ஒருநாள் அந்தப் பிரின்டைப் போட்டுக் காட்டுகிறார். பழைய ஃபிலிம், புரொஜெக்டரில் சரியாக உட்காரமாட்டேன் என்கிறது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக!

பல வருடம் கழித்து இந்தக் கை வலியை அவர் சொல்லிப் புலம்ப, ஃபெர்னாண்டோ மார்ட்டின் பேன்யா என்ற சினிமா ஆராய்ச்சியாளர் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்களும் நானுமாக இருந்தால், ‘ஐயோ பாவம், தைலம் தடவினீர்களா?’ என்று கேட்டிருப்போம். பேன்யாவுக்கு வேறொன்று உறைத்தது. உலகம் அறிந்த மெட்ரோபோலிஸ் அவ்வளவு நேரம் ஓடாதே! அப்படியானால் அன்றைக்கு ஓடியது எது?

அந்தப் பிரின்ட் கைமாறிக் கைமாறி அந்நகரத்தின் திரைப்பட அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்க பேன்யாவுக்கு ஏறக்குறைய 20 வருடம் பிடித்தது. 2008இல் பவுலா ஃபெலிக்ஸ் திதியே அந்த அருங்காட்சியகத்தின் இயக்குநராக வந்த பிறகுதான் வழி பிறந்தது. திறந்தார்கள். இருந்தது! ஆனால் எப்படி? பழைய நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால், முன்பே அதை 16 மி.மீ.யில் நகல் எடுத்துவிட்டு அசலைக் கழித்திருந்தார்கள். நகல் எடுத்தவர்கள் சுத்தம் செய்யவில்லை. கறைபட்ட வேட்டியை அப்படியே இஸ்திரி போட்ட கதை. எண்ணெயும் கீறலும் படத்தோடு படமாகப் பதிந்துவிட்டன.

திரும்பி வந்தது சுமார் 25 நிமிடம். அதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. முதலாளியின் மகன் ஃப்ரெடர், 11811 என்ற எண் கொண்ட தொழிலாளியோடு உடை மாற்றிக்கொள்கிறான். பட்டுச் சட்டையோடும் பையில் பணத்தோடும் காரில் ஏறுகிற அந்தத் தொழிலாளி, போகச் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. கேளிக்கை விடுதியின் நோட்டீஸ்கள் கண்ணில் படுகின்றன, வண்டி அங்கே திரும்புகிறது. வெட்டிய படத்தில் அவன் பாதியிலேயே காணாமல் போய்விடுவான். வாழ்நாளில் ஒரே ஒருநாள் பையில் காசு வந்தவன் என்ன செய்வான் என்று லாங் யோசித்திருக்கிறார். அதைத்தான் கத்திரி தின்றிருந்தது. படத்தின் முடிவு எனக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லாங்குக்கே பிடிக்கவில்லை, பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

2010 பிப்ரவரியில் பெர்லினில் மீண்டும் திரையிட்டபோது, பிராண்டன்பர்க் வாயிலில் கொட்டும் குளிரில் நின்று பார்த்தார்களாம் ஜனங்கள். ஏசி இல்லை என்று பாதியில் எழுந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டும்!

இப்படித் தொலைந்து திரும்பி வந்தது மெட்ரோபோலிஸ் மட்டுமல்ல. டிரையர் எடுத்த ஜோன் ஆஃப் ஆர்க் படத்தின் நெகட்டிவ் 1928இல் தீயில் போனது. 1981இல் அதன் பிரின்ட் கிடைத்தது எங்கே? நார்வேயில், ஒரு மனநல மருத்துவமனையின் அலமாரியில். ஜோனாக நடித்த ஃபால்கனெட்டி இறந்த ஊர் எது தெரியுமா? அதே புவெனஸ் ஐரஸ். தற்செயல்தான். சினிமாப் பைத்தியத்துக்குத் தற்செயல் போதாதா? ‘நோஸ்ஃபெராட்டு’ படத்தின் பிரின்டை எல்லாம் அழிக்கச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவு போட்டது, டிராகுலா எழுதியவரின் மனைவி தொடுத்த வழக்கில். எங்கெங்கோ தங்கிய பிரின்டுகளால் அந்தப் படம் இன்றும் ஓடுகிறது.

நம் கதைக்கு வந்தால் தலை குனிகிறது. முதல் தமிழ்ப் பேசும்படம், 1931இல் வந்த ‘காளிதாஸ்’. பிரின்ட் இல்லை. நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’, அதுவும் இல்லை. ஃபிலிமில் இருந்த வெள்ளிக்காக உருக்கிய படங்கள் எத்தனையோ. பூனாவில் பி.கே. நாயர் என்று ஒருவர் பரண் பரணாகத் தேடியலைந்து பால்கே எடுத்த படங்களின் சுருள்களைச் சேர்த்தார். அவரைப் போல இங்கே ஒருவர் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, ஏக்கம் அல்ல.

மணியாகிறது, ஆபரேட்டர் தம்பி என்னை முறைக்கிறார். படத்தில் திடீரென்று மழை பெய்வதுபோல் கீறல் விழும், படம் சற்றுச் சுருங்கி ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரியும். மிஷின் கோளாறு என்று யாரும் விசில் அடித்துவிடாதீர்கள். அங்கேயெல்லாம் படம் புவெனஸ் ஐரஸிலிருந்து வருகிறது. விளக்கை அணைக்கலாம் தம்பி.