சிலம்பும் கைப்பேசியும்



பாண்டியன் அவையில் கண்ணகி அழுகையோடு நின்றுவிடவில்லை. சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள்.

2020 மே 25 அன்று, அமெரிக்காவின் மினியாபொலிசில் காவலரின் முழங்காலின்கீழ் ஜார்ஜ் ஃபிளாய்டு மூச்சுத் திணறியதை, 17 வயதுப் பள்ளி மாணவி டார்னெல்லா ஃபிரேசியர் கைப்பேசியில் படம்பிடித்தார். உடல்நலக் குறைவால் நேர்ந்த இறப்பு என்ற காவல்துறையின் முதல் அறிக்கையை அக்காட்சி பொய்யாக்கியது. 2021-இல் அக்காவலர் கொலைக் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. மாணவிக்குப் புலிட்சர் சிறப்புப் பாராட்டும் கிடைத்தது.

ஆயினும், 'தடுக்கவில்லையே' என ஃபிளாய்டிடம் மன்னிப்பு வேண்டியபடி இரவுகளில் விழித்திருந்ததாக அவர் நீதிமன்றத்தில் உரைத்தார். படம்பிடித்தவர் சாட்சியாய் வளர்ந்த இடம் அதுவே.

நம் கிருஷ்ணன்கோவில் மாணவர் கையிலும் கைப்பேசி உண்டு. காட்சியைப் பிடிப்பதோடு, கண்டதன் சுமையைத் தாங்கவும் கற்பிப்போம். கவிஞர்க்கும் அதுவே முதற்பாடம்.