லண்டன் மாநகரின் பழைய கடைமுகப்புகள்



ஒரு தலைநகரின் வரலாற்றை அறிய விரும்புவோர் முதலில் அரண்மனையையும் கோட்டையையும் தேவாலயத்தையும் நாடுவது வழக்கம். அவை அரசர்களின் கதையைக் கூறும். அந்நகரில் பிழைப்புத் தேடி வந்து, விற்றும் வாங்கியும் வாழ்ந்து மறைந்த எளிய மக்களின் கதையை அறிய வேண்டுமானால் கடைவீதிக்குத்தான் செல்லவேண்டும். ஆங்கில நாட்டின் தலைநகரான லண்டன் இதற்குச் சிறந்த சான்று. அங்கே பழைய கடை ஒவ்வொன்றின் முகப்பும் ஒரு சட்டத்தையோ, ஒரு வரியையோ, எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு கூட்டத்தாரையோ நமக்கு நினைவூட்டுகிறது.

1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், புட்டிங் சந்திலிருந்த ஒரு ரொட்டிக் கடையில் தீப்பற்றியது. நான்கு நாட்கள் எரிந்த அத்தீ ஏறத்தாழ 13,200 வீடுகளை விழுங்கிற்று. அதற்கு முன்பு கடை என்பது பெரும்பாலும் மரவீட்டின் கீழ்த்தளமே. சாளரத்திற்குக் கண்ணாடி கிடையாது. அடைப்புப் பலகையின் கீழ்ப்பாதியை இறக்கினால் அதுவே சரக்குப் பரப்பும் மேசை; மேற்பாதியை உயர்த்தினால் அதுவே மழைக்கு மறைப்பு. தீக்குப் பின், 1667இல் இயற்றப்பட்ட சட்டம், வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோதான் கட்டவேண்டும் என்று விதித்தது. ஆகவே இன்று அங்கே காணப்படும் பழைய கடைமுகப்புகளில் சிறந்தவை பதினெட்டாம் நூற்றாண்டுக்கும் அதற்குப் பின்னருக்கும் உரியவை.

அந்நாளில் எழுத்தறிந்தோர் குறைவு. வீடுகளுக்கு எண்ணும் இல்லை. எனவே வணிகர்கள் சிங்கம், சூரியன், காப்பி அரைக்கும் எந்திரம் போன்ற உருவங்களைப் பலகையில் தீட்டித் தெருவின் குறுக்கே தொங்கவிட்டனர். அடகுக் கடையின் முகப்பில் மூன்று பொற்குண்டுகள் தொங்கும். இத்தாலியின் லம்பார்டிப் பகுதியிலிருந்து வந்து லண்டனில் வட்டித் தொழில் நடத்தியவர்களின் நினைவு அது என்பர். போட்டியினால் பலகைகள் பெருத்தன. காற்றும் வெளிச்சமும் தடைப்பட்டன. 1718இல் பிரைடு சந்தில் ஒரு பலகை சுவரோடு பெயர்ந்து விழுந்து நால்வர் மாண்டனர். இறுதியில், 1762ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் தொங்கு பலகைகள் அகற்றப்பட்டன. பெயர்கள் சுவரோடு ஒட்டின. வீடுகளுக்கு எண்கள் வந்தன.

கண்ணாடிச் சாளரத்திற்கும் ஒரு கதை உண்டு. உருகிய கண்ணாடியைக் குழலால் ஊதிச் சுழற்றி வட்டத்தட்டாக விரிப்பார்கள். அதிலிருந்து சிறு துண்டுகளைத்தான் வெட்ட முடியும். 1746 முதல் கண்ணாடி உற்பத்தியின்மீது வரியும் சேர்ந்தது. மரச்சட்டங்களுக்கிடையே சிறு சிறு கட்டங்களாகக் கண்ணாடி பதித்த அந்த அழகிய முகப்புகள், இவ்வாறு தொழில்முறையும் வரியும் சேர்ந்து வடித்தவையே. சரக்கு நன்றாகத் தெரியும்பொருட்டுச் சாளரத்தை வில்போல் வளைத்துத் தெருவுக்குள் நீட்டினார்கள். 1774ஆம் ஆண்டுக் கட்டிடச் சட்டம் அதற்கும் அளவு வகுத்தது: அகன்ற தெருவில் 10 அங்குலம், குறுகிய தெருவில் 5 அங்குலம். 1845இல் கண்ணாடி வரி நீங்கிய பின்னரே பெரும் பலகைக் கண்ணாடி எங்கும் பரவியது.

ஸ்டிராண்டு வீதியில் 216ஆம் எண்ணுள்ள டுவைனிங்ஸ் தேயிலைக் கடையைப் பாருங்கள். 1706இல் தாமஸ் டுவைனிங் ஒரு காப்பி விடுதியை விலைக்கு வாங்கித் தொடங்கிய வணிகம் அது. 1787இல் அமைத்த குறுகிய வாயிலின்மேல் ஒரு பொன்னிறச் சிங்கமும், அதன் இருபுறமும் இரண்டு சீனர் உருவங்களும் அமர்ந்திருக்கின்றன. ஏன் சீனர்? அன்று ஆங்கிலேயர் பருகிய தேயிலை சீனத்திலிருந்தே வந்தது. அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலத்திற்கு வந்தது 1839இல்தான். வாயிற்சிலைகூட வாணிப வரலாற்றின் ஓர் ஏடாகிறதல்லவா?

இனி, நம் உள்ளத்தை மிகவும் தொடக்கூடிய ஒரு முகப்பிற்கு வருவோம். நகரின் கிழக்கே ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் பகுதியில், ஆர்ட்டிலரி சந்தில், 56ஆம் எண்ணுள்ள கட்டிடம். நடுவே கதவு, இருபுறமும் மெல்ல வளைந்த சாளரங்கள், இடையிடையே தூண்கள். 1750களில் அமைந்த இதனை லண்டனின் மிக அழகிய பழைய கடைமுகப்புகளுள் ஒன்றாக அறிஞர்கள் மதிக்கின்றனர். அங்கே பட்டு விற்றவர்கள் ஹியூகனாட்டுகள் எனப்படும் பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுகள். 1685இல் பதினான்காம் லூயி மன்னர் அவர்களுடைய வழிபாட்டுரிமையைப் பறித்தபோது, ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் பல்லாண்டுகளில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தனர். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அவர்களோடு பிரெஞ்சிலிருந்து வந்ததுதான். கையில் பொருளின்றி வந்தோர் பலர். ஆனால் தறி நெய்யும் திறனைக் கொண்டுவந்தனர். இரண்டு தலைமுறைக்குப் பின் அவர்கள் சந்ததியார் அமைத்த முகப்பு இது.

இக்கதையில் நமக்கும் ஓர் இடம் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் சென்ற அச்சிட்ட பருத்தித் துணிகளை லண்டன் மாதர் பெரிதும் விரும்பினர். அதனால் தம் பிழைப்புக் கெடுவதாகக் கொதித்த ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள், 1719இல் தெருவில் இறங்கி, அத்துணி உடுத்திய பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர். 1721இல் அத்துணியை உடுத்தக்கூடாதென்றே சட்டம் பிறந்தது. ஓரிடத்தில் அடைக்கலம் பெற்றோர் வாழும் பகுதியிலேயே, தொலைவிலிருந்த மற்றொரு தொழிலாளியின் சோற்றுக்கு வேலி எழுந்தது. கடைமுகப்பின் அழகை வியக்கும்போது இதனையும் மறத்தலாகாது.

அப்பட்டும் நிலைக்கவில்லை. 1860இல் பிரான்சுடன் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டு வரியின்றி வந்து குவிந்தது, தறிகள் ஓய்ந்தன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் அதே தெருக்களில் குடியேறினர். பின்னர் வங்காளிகள் வந்தனர். அருகிலுள்ள பிரிக் லேன் வீதியில் ஹியூகனாட்டுகள் 1743இல் கட்டிய ஆலயம், பின்னர் மெதடிஸ்டுகளின் ஆலயமாகி, 1898இல் யூதர் தொழுகையிடமாகி, 1976இல் பள்ளிவாசலாயிற்று. வீதியின் பெயர்ப்பலகைகளும் அவ்வாறே மாறிமாறி வந்தன.

1940 செப்டம்பர் முதல் ஜெர்மானிய விமானங்கள் தொடர்ந்து 57 இரவுகள் லண்டனைத் தாக்கின. கண்ணாடி நொறுங்கிய கடைகளில், வணிகம் வழக்கம்போல் நடைபெறும் என்று எழுதி வைத்துவிட்டு விற்பனையைத் தொடர்ந்தனர். அழிவின் அளவைக் கண்ட பிறகே, எஞ்சியவற்றைக் காக்கும் எண்ணம் வலுத்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே பழைய கட்டிடங்கள் பட்டியலிடப்பட்டன. ஆயினும் சட்டம் முகப்பைக் காக்கும், தொழிலைக் காக்காது. ஹேமார்க்கெட் வீதியில் 1720 முதல் நடந்த ஒரு மூக்குப்பொடிக் கடை 1981இல் மூடப்பட்டது. வளைந்த சாளரங்கள் எஞ்சின; பொடியின் மணம் போயிற்று.

இதனால் நாம் அறிவது யாது? வந்தேறிகள் ஒரு நகருக்குத் தரும் கொடையை அந்நகரின் ஏடுகள் எப்போதும் எழுதி வைப்பதில்லை. கடையின் கதவும் பலகையுமே அதனைத் தாங்கி நிற்கின்றன. மும்பையின் மாதுங்காவிலும் டில்லியின் கரோல்பாக்கிலும் வாழும் நம்மவருக்கு இது புதிய செய்தியன்று. ஆகவே கடையைப் புதுப்பிக்கும் நாளில், பழைய பெயர்ப்பலகையை விறகோடு சேர்த்துவிடாதீர்கள். யார், எவ்வூரிலிருந்து, எந்த ஆண்டில் வந்து தொடங்கினார் என்பதை அதன் பின்புறத்தில் எழுதி, பத்திரப்படுத்தி வையுங்கள். அடுத்த தலைமுறை அதனைத் தேடும்.