முகத்துக்குப் பெயர் வேண்டும்

(புதுவை முதலியார்பேட்டையில் பழைய குடும்பப் படங்களின் கண்காட்சியைத் திறந்து வைத்து ஆற்றிய உரையின் சுருக்கம்)



இங்கே சுவரில் மாட்டியிருக்கும் படங்கள் நம் வீட்டுப் பரண்களிலிருந்தும் டிரங்குப் பெட்டிகளிலிருந்தும் வந்தவை. இவற்றில் ராஜாக்கள் இல்லை, கவர்னர்கள் இல்லை. ஆலைத் தொழிலாளியும், மீனவரும், தையல்காரரும், அவர்களுடைய மனைவி மக்களும்தான் இருக்கிறார்கள். இதிலே பார்க்க என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். பெரிய சரித்திரமே இருக்கிறது என்பது நமது பதில்.

அளக்கப்பட்ட முகங்கள்

1839 ஆகஸ்ட் 19ந் தேதி பிரெஞ்சு சர்க்கார் தாகேரின் புகைப்பட முறையை உலகறிய வெளியிட்டது. மனித முகத்தை உள்ளபடியே பதிக்கும் அற்புதமான கருவி! ஏகாதிபத்தியத்தின் கையில் அது என்ன ஆயிற்று?

1868 முதல் 1875 வரை, ‘இந்திய மக்கள்’ என்ற பெயரில் எட்டுப் பாகங்கள் லண்டனில் வெளியாயின. அவற்றில் பெரும்பாலான படங்களின் கீழே ஆளின் பெயர் இல்லை. சாதியின் பெயர்தான் இருந்தது. 1857 எழுச்சியைக் கண்டு நடுங்கியவர்களுக்கு, யார் அடங்குவான், யார் எதிர்ப்பான் என்பதே கவலை. சென்னை மியூசியத்தின் தலைவர் தர்ஸ்டன், நம் ஜனங்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். 1909ல் ஏழு பாகங்களில் புத்தகம் போட்டார். கடல் கடந்து மொரீஷியஸ் சென்ற நம் கூலிகளின் முகம், 1860களில் தொடங்கி, அவர்கள் சுமக்க வேண்டிய பாஸில் ஒட்டப்பட்டது.

நம் காசில் எடுத்த படம்

அதே காமிராவின் முன்னால் நம் ஜனங்கள் தங்கள் சொந்தக் காசில் போய் உட்கார்ந்தபோது என்ன நடந்தது? இந்தச் சுவரைப் பாருங்கள்! பின்னால் தீட்டிய திரை. பக்கத்தில் பூச்சாடி. ஸ்டூடியோக்காரர் கொடுத்த இரவல் கோட்டு, தோளில் சரியாகப் பொருந்தவில்லை. ஆனால் கண்ணிலே என்ன கம்பீரம்! ஆலையில் வெறும் கையாளாக எண்ணப்பட்டவர், இங்கே மனிதராக நிமிர்ந்து பார்க்கிறார்.

ஆப்பிரிக்காவுக்குப் போவோம். நம்மைப் போலவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பமாக்கோ நகரில், 1948ல் செய்து கெய்த்தா என்பவர் ஸ்டூடியோ திறந்தார். வந்தவர்களுக்குக் கோட்டு, கைக்கடிகாரம், பேனா, ரேடியோ எல்லாம் படத்துக்காகக் கொடுத்தார். பாஷை வேறு, மதம் வேறு, நிறம் வேறு. எனினும், தன்னைத் தன் விருப்பப்படி உலகுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை ஒன்றே. இதுவல்லவோ மனிதகுலத்தின் ஒற்றுமை!

வெறும் சிரிப்பு போதாது

1955ல் நியூயார்க்கில் ஸ்டைக்கன் என்பவர், 68 தேசங்களிலிருந்து 503 படங்களைத் திரட்டி, ‘மனிதக் குடும்பம்’ என்ற கண்காட்சி வைத்தார். அது 1956ல் இந்தியாவுக்கும், 1959ல் மாஸ்கோவுக்கும் வந்தது. எங்கும் மனிதன் பிறக்கிறான், சிரிக்கிறான், உழைக்கிறான், சாகிறான் என்று அது காட்டியது. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும், பிரெஞ்சு எழுத்தாளர் பார்த் ஒரு கேள்வி கேட்டார்: பாரிசில் உழைக்கும் வட ஆப்பிரிக்கத் தொழிலாளியிடம் இந்தக் குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்களா? நியாயமான கேள்வி. எல்லோரும் உழைக்கிறார்கள், கூலி யாருக்கு எவ்வளவு? எல்லோரும் சாகிறார்கள், குண்டடி பட்டுச் சாவது யார்? 1936 ஜூலை 30ந் தேதி புதுவையில் சுட்டு வீழ்த்தப்பட்ட 12 ஆலைத் தொழிலாளிகளை நாம் மறக்க முடியுமா?

நமது வேலை

அந்த ஆலைகளின் சங்கு இன்று ஓய்ந்துவிட்டது. அந்தத் தலைமுறையின் படங்களும் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன. 1955ல் நம் ஊரில் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் படத்தில் இருப்பவர் யார் என்பதை நம் வீட்டுப் பாட்டிமார்கள்தான் சொல்ல முடியும்.

எனவே, ஒவ்வொரு குடும்பத்தையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். இன்றிரவே பெட்டியைத் திறங்கள். படத்தின் பின்புறம் பென்சிலால், அழுத்தாமல், பெயரை எழுதுங்கள். ஊரையும் வருஷத்தையும் எழுதுங்கள். என்ன வேலை செய்தார் என்பதை அவசியம் எழுதுங்கள். சாதியை எழுத வேண்டாம். அதைத்தான் வெள்ளைக்காரன் எட்டுப் பாகத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறானே!