ஓட்டுநர் உரிமமும் நம் பிள்ளைகளும்



ஊர்த்தெருவில் நம்மவர் சைக்கிளை விட்டிறங்கித் தள்ளிச் செல்ல வேண்டியிருந்த காலம் ஒன்று உண்டு. 1991ஆம் ஆண்டு நம் புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தது. கல்லுடைக்கும் தாய்மார்களும் சைக்கிளேறினர்.

இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் லாரியும் வாடகைக் காரும் ஓட்ட விழைகின்றனர். அதற்குரிய உரிமம் பெற எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டுமென்ற விதி முன்பு இருந்தது. என் மாணவன் ஒருவன் ஏழாம் வகுப்போடு நின்று லாரியில் கிளீனரானான், ஓட்டவும் கற்றான். பல்லாண்டு கழித்துத் தேர்ச்சிச் சான்றிதழ் கேட்டு என் முன் நின்றான். 'இல்லையப்பா' என்று நான் சொன்ன நாளை மறந்திலேன்.

2019இல் மத்திய அரசு அவ்விதியை நீக்கியது, நன்றே. ஆயினும் படிப்பு வேண்டா என எண்ணற்க. சாலைக் குறிகளையும் விதிகளையும் கற்றவனே பழகுநர் தேர்வில் தேறுவான். அவ்வுரிமத்திற்கு 20 வயது நிறைய வேண்டும்; ஆகவே பள்ளிப் படிப்பை முடிக்கக் காலம் உண்டு. உரிமமின்றி ஓட்டுபவன் என்றும் முதலாளியின் தயவில் நிற்பான். நம் சங்கம் இளைஞர்க்குச் சாலை விதிகள் கற்பிக்கும் மாலை வகுப்பொன்று தொடங்க வேண்டுமென வேண்டி அமைகின்றேன்.