வணிகர் வாய் திறக்கலாமா?

 

வணிக நிறுவனம் வணிகத்தோடு நிற்க வேண்டுமா, சமூக விஷயங்களிலும் கருத்துரைக்க வேண்டுமா என்ற வினா இன்று பலமாக எழுப்பப்படுகிறது. கடைவீதியை நம்பி வாழும் நமக்கு இது அயலார் விவகாரம் அன்று.

2020 அக்டோபரில் தனிஷ்க் நகை நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வளைகாப்பு நடத்தும் காட்சி அது. திருமணம் குறித்த மார்க்கச் சட்டம் வேறு. அதை நாம் இங்கு பேசவில்லை. பிறர் மனத்தை மதிக்கும் பண்பையே அவ்விளம்பரம் காட்டிற்று. எனினும் எதிர்ப்பும் புறக்கணிப்புக் குரலும் வலுத்தன. சில நாட்களிலேயே, ஊழியர், கடை நடத்துவோர் ஆகியோரின் நலனையும் காரணம் காட்டி நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றது.

அதற்காக அந்நிறுவனத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் ஒரு படிப்பினை உண்டு. முடிவெடுப்பவர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். மக்களின் சினத்தை எதிர்கொள்பவரோ கடையில் நிற்கும் சம்பளக்காரர். எனவே, பேசுமுன் அதன் விலையைக் கொடுக்கப்போவது யார் என்று எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

அப்படியானால் வாய்மூடி இருப்பதே நலமா? அன்று. ஏமன் நாட்டு ஸபீத் நகர வியாபாரி ஒருவரின் சரக்கைப் பெற்றுக்கொண்டு, மக்கத்துப் பிரமுகர் ஆஸ் பின் வாயில் பணம் தர மறுத்தார். குறைஷிக் குலத்தார் சிலர் அப்துல்லாஹ் பின் ஜுத்ஆன் இல்லத்தில் கூடி, அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என உறுதி பூண்டனர். உரிய பொருளையும் மீட்டுக் கொடுத்தனர். அதுவே ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கை. இளைஞராக இருந்த நபி (ஸல்) அவர்களும் அதில் பங்கு கொண்டார்கள். நபித்துவத்திற்குப் பின்னரும் அதனைப் போற்றினார்கள். அவ்வணிகர்கள் தங்கள் ஊர்ப் பெரிய மனிதரையே எதிர்த்து, தங்கள் சந்தையின் அநீதியையே முதலில் தட்டிக் கேட்டனர் என்பது கவனத்திற்குரியது.

நம் டெல்டாவிலும், காவிரி மேலாண்மை வாரியம் கோரி 2018 ஏப்ரலில் வணிகர்கள் கடையடைத்தனர். அவ்வாண்டு ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. குறுவையும் சம்பாவும் பொய்த்தால் நம் கல்லாவும் காலிதான். ஆகவே அது நியாயமான குரலே. ஆனால் கடையடைப்பு நாளில் முதலாளி இழப்பது ஒரு நாள் வியாபாரம். மூட்டை தூக்குபவர் இழப்பதோ அன்றைய அடுப்பு. அவருக்குரிய கூலியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்துபவரின் எதிர்ப்பே முழுமையான எதிர்ப்பு.

ஆகவே பெருமக்களே! பெரு நிறுவனமாயினும் பெட்டிக்கடையாயினும், நியாயத்திற்காகக் குரல் கொடுக்கட்டும். அதற்குமுன் தம் தராசும் கூலியும் நேராக உள்ளனவா என்று பார்க்கட்டும். வரும் நட்டத்தைத் தாமே ஏற்கட்டும். நாமும் அவ்வாறே நடக்க வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.